லீவு கிடைக்கல... ஆனாலும் ஒலிம்பிக் போனார்! ஐ.சி.எஸ். வேலையை இழந்த ஹாக்கி கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா யார்?

ஒரு பக்கம் செமஸ்டர் தேர்வு. இன்னொரு பக்கம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ரெண்டும் ஒரே வாரத்துல வந்து நின்னா என்ன செய்வது?

திருத்துறைப்பூண்டி மாதிரி சின்ன ஊர்களில் படித்துக்கொண்டே கபடியோ, கைப்பந்தோ, ஹாக்கியோ ஆடும் மாணவர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. முத்துப்பேட்டை பக்கமிருந்தும் வேதாரண்யம் பக்கமிருந்தும் காலையில் பஸ் பிடித்து வர வேண்டும். சாயங்காலம் பயிற்சி முடித்தால் கடைசி பஸ்ஸை விடாமல் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மைதானமே குளமாகிவிடும். இத்தனைக்கும் நடுவில் ஓ.டி. கிடைக்குமா, அட்டெண்டன்ஸ் குறையுமா, இன்டர்னல் மார்க் போகுமா என்ற கவலை வேறு.

இதே சிக்கல், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழங்குடி இளைஞர் முன்னால் வந்து நின்றது. அவர் முன் இருந்தது செமஸ்டர் தேர்வு இல்லை, ஐ.சி.எஸ். வேலை. போட்டியும் சாதாரணப் போட்டி இல்லை, ஒலிம்பிக். அவர்தான் ஜெய்பால் சிங் முண்டா. இந்தியா ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியின் கேப்டன்.

மாடு மேய்த்த சிறுவன்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சிக்குத் தெற்கே குந்தி என்ற பகுதி இருக்கிறது. அங்கே டக்ரா என்ற முண்டா பழங்குடி கிராமத்தில் 1903 ஜனவரி 3-ல் பிறந்தவர் ஜெய்பால் சிங். வீட்டில் அழைத்த பெயர் பிரமோத் பாஹன். பாஹன் என்றால் முண்டா கிராமத்தில் பூசை செய்பவரைக் குறிக்கும் சொல்.

காடும் மேடுமான ஊர் என்றாலும் அங்கேயும் நெல்தான் முக்கியப் பயிர். டெல்டா மாதிரி ஆற்றுப் பாசனம் கிடையாது. வானம் பார்த்த சாகுபடி. சின்ன வயதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மாடு மேய்ப்பது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டா, ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சிக்குப் பிறகு ராஞ்சி சிறையில் இறந்தது 1900-ல். அந்த நினைவு மறையாத மண்ணில்தான் இந்தச் சிறுவன் வளர்ந்தான்.

சின்னப் பள்ளி, பெரிய திருப்பம்

படிப்புக்காக ராஞ்சியில் இருந்த செயின்ட் பால்ஸ் என்ற மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஜெய்பால் சிங் என்ற பெயர் நிலைத்ததும் அங்கேதான். ஹாக்கி மட்டை கைக்கு வந்ததும் அங்கேதான்.

பெரிய நகரத்துப் பள்ளி இல்லை அது. ஆனால் ஒரு விஷயம் அங்கே இருந்தது. பையன் பாடத்திலும் கெட்டி, ஆட்டத்திலும் கெட்டி என்பதைக் கவனிக்க ஒரு ஆள் இருந்தார். பள்ளி முதல்வர் கேனன் காஸ்கிரேவ். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அவர் இங்கிலாந்து திரும்பியபோது, இந்த மாணவரையும் தன்னோடு அழைத்துப் போனார்.

பாதிரியார் ஆக்குவதுதான் முதலில் இருந்த எண்ணம். அதற்காக கேன்டர்பரியில் செயின்ட் அகஸ்டின்ஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். உலகின் பல மூலைகளுக்கும் அனுப்ப மதபோதகர்களைத் தயார் செய்த சின்ன கல்லூரி அது. ஆனால், இந்த மாணவரை அந்த ஒரு வேலைக்குள் அடைத்துவிட முடியாது என்று அங்கிருந்தவர்களுக்கும் புரிந்தது. அடுத்த கதவு திறந்தது. 1922-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குள் நுழைந்தார்.

ஆக்ஸ்போர்டில் ரெண்டையும் எப்படி சமாளித்தார்?

ஆக்ஸ்போர்டில் அவர் பொருளாதாரம் படித்தார். கல்லூரி விவாத மன்றத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஹாக்கியில் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். எதிரணி முன்கள வீரர்களைக் கடைசி வரிசையில் நின்று மறிக்கும் ஃபுல் பேக் இடம் அவருடையது.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் மோதும் வருடாந்திர ஆட்டத்தில் ஆடுபவர்களுக்குக் கிடைக்கும் கௌரவத்துக்கு 'ப்ளூ' என்று பெயர். நம்ம ஊர் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பதைவிடப் பல மடங்கு பெரிய மதிப்பு அதற்கு. ஹாக்கியில் அந்த 'ப்ளூ' ஜெய்பாலுக்குக் கிடைத்தது. 1926-ல் ஆனர்ஸ் பட்டமும் கிடைத்தது.

எப்படி முடிந்தது? அவருடைய உழைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. அது ஆக்ஸ்போர்டின் கால அட்டவணை.

அங்கே வருஷத்துக்கு மூன்று பருவம். ஒவ்வொன்றும் எட்டு வாரம்தான். காலையில் விரிவுரையும் நூலகமும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் விளையாட்டுக்கு ஒதுக்கம். வாரத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரை எழுதி ஆசிரியரிடம் நேரில் படித்துக் காட்ட வேண்டும். அதை ராத்திரி உட்கார்ந்து எழுதலாம். ஹாக்கி குளிர்கால ஆட்டம். பட்டத்துக்கான இறுதித் தேர்வு கோடையில். அதனால் ரெண்டும் மோதிக்கொள்ளவே இல்லை.

அதாவது, விளையாடுபவனும் படிப்பான் என்று நம்பி அந்த இடம் தன் நாளைப் பிரித்து வைத்திருந்தது. மாணவர் செய்ய வேண்டியது, அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பது மட்டும்தான். அதை ஜெய்பால் ஒழுங்காகச் செய்தார்.

ஐ.சி.எஸ். ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

இன்றைய ஐ.ஏ.எஸ்.-க்கு முன்னோடி ஐ.சி.எஸ். எனப்படும் இந்தியன் சிவில் சர்வீஸ். கலெக்டர், நீதிபதி, செயலாளர் என்று ஆங்கிலேய ஆட்சியின் முதுகெலும்பே இந்தப் பதவிகள்தான். அதில் இடம் பிடித்த இந்தியர்கள் கொஞ்சம் பேர்தான். பழங்குடி கிராமத்திலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வருவது அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத விஷயம்.

ஜெய்பால் அதிலும் தேர்வானார். தேர்வானதும் நேராக வேலை கிடைத்துவிடாது. சட்டம், வரலாறு, மொழி எல்லாம் படிக்கும் பயிற்சிக் காலம் உண்டு. அதை முடித்தால்தான் பதவி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஐ.சி.எஸ்.-ல் சேர குதிரையேற்றத் தேர்வு கட்டாயம். பின்னாளில் புதுச்சேரியில் ஆசிரமம் கண்ட அரவிந்தர், எழுத்துத் தேர்வில் வென்றும் குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாததால் அந்தப் பதவியை இழந்தவர். ஆக, அதிகாரிக்கு உடல் திறன் வேண்டும் என்று ஐ.சி.எஸ். கருதியது. ஆனால் நாட்டுக்காக ஹாக்கி ஆட அதே ஐ.சி.எஸ். லீவு தருமா?

1928: லீவு கேட்டார், கிடைக்கவில்லை

இந்திய ஹாக்கி சம்மேளனம் 1925-ல்தான் உருவானது. மூன்றே வருஷத்தில், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்ப முடிவு செய்தார்கள். மார்ச் மாதம் பம்பாயில் இருந்து கப்பல் கிளம்பியபோது வழியனுப்ப வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அணிக்குக் கேப்டனாக யாரைப் போடுவது? இங்கிலாந்திலேயே இருந்து, அங்கே முதல்தர ஹாக்கி ஆடிப் பெயர் வாங்கியிருந்த ஜெய்பாலைத் தேடி வந்தது அந்தப் பொறுப்பு.

அவர் அப்போது ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தார். ஒலிம்பிக் ஹாக்கி நடப்பதோ மே மாதம். லண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்திடம் லீவு கேட்டார். கிடைக்கவில்லை.

இப்போது இரண்டே வழி. பயிற்சியில் உட்கார்ந்து படித்தால் வாழ்நாள் முழுக்கப் பதவி, சம்பளம், அதிகாரம், ஓய்வூதியம். கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்றே தெரியாது. வீட்டில் கேட்டு முடிவெடுக்க அம்மா அப்பா பக்கத்தில் இல்லை. பின்னால் நிற்கப் பணக்காரச் சொந்தம் இல்லை.

அவர் போனார்.

சிப்பாய்க்கு லீவு, அதிகாரிக்கு இல்லை

அந்த அணியில் இருந்த இன்னொருவரைப் பார்த்தால் இந்தக் கதை இன்னும் தெளிவாகும். அவர் தியான் சந்த். அப்போது இந்திய ராணுவத்தில் சாதாரண நிலையில் இருந்த வீரர்.

ராணுவம் அவருடைய ஆட்டத்துக்குத் தடையாக நிற்கவில்லை. 1926-லேயே ராணுவ அணியோடு நியூசிலாந்துக்கு அனுப்பி வைத்தது. திரும்பி வந்ததும் பதவி உயர்வும் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமுக்கும் வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் கிளம்பினார்.

ஒரே அரசாங்கம்தான். அதன் ஒரு துறை, விளையாடும் ஆளைத் தன் பெருமையாகப் பார்த்தது. இன்னொரு துறை, விளையாட்டை வேலைக்கு இடைஞ்சலாகப் பார்த்தது. சிப்பாய்க்குக் கிடைத்தது, ஆக்ஸ்போர்டு பட்டதாரிக்குக் கிடைக்கவில்லை. திறமை ரெண்டு பேரிடமும் இருந்தது. வித்தியாசம், அவர்கள் வேலை பார்த்த இடத்தில் இருந்தது.

ஆம்ஸ்டர்டாமில் என்ன நடந்தது?

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய ஆட்டங்கள் இவை:

- ஆஸ்திரியாவுடன் 6-0
- பெல்ஜியத்துடன் 9-0
- டென்மார்க்குடன் 5-0
- சுவிட்சர்லாந்துடன் 6-0
- இறுதிப் போட்டியில் நெதர்லாந்துடன் 3-0

மொத்தம் 29 கோல். வாங்கியது ஒன்று கூட இல்லை. 14 கோல் தியான் சந்த் அடித்தது. 1928 மே 26-ல் தங்கம் உறுதியானது. ஒலிம்பிக் ஹாக்கியில் அடுத்த முப்பது வருஷம் இந்தியா கட்டி ஆண்டதற்கு இதுதான் தொடக்கம்.

ஆனால், அந்த இறுதிப் போட்டியில் கேப்டன் ஜெய்பால் ஆடவில்லை. அதற்கு முன்பே அணியை விட்டு விலகியிருந்தார். அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்புதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அணியில் ஆங்கிலோ இந்திய வீரர்கள் அதிகம். பழங்குடி ஒருவரின் தலைமை எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்காது என்று கருதுபவர்களும் உண்டு. இறுதிப் போட்டிக்குத் தலைமை ஏற்றவர் பின்னிகர்.

எந்த ஆட்டத்துக்காக எதிர்காலத்தையே பணயம் வைத்தாரோ, அதன் கடைசி நாளில் அவர் மைதானத்தில் இல்லை. இந்தக் கதையில் மனசை உறுத்தும் இடம் இதுதான்.

திரும்பி வந்ததும் என்ன ஆனது?

லீவு இல்லாமல் போனதற்கான விலை காத்திருந்தது. பயிற்சியை இன்னும் ஒரு வருஷம் செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டது. நாட்டுக்காக ஆடப் போனதற்குத் தண்டனையா என்று ஜெய்பாலுக்குக் கோபம். ஒப்புக்கொள்ளவில்லை. ஐ.சி.எஸ்.-ஐ விட்டே விலகினார்.

இதற்கு ஏழு வருஷம் முன்பு, 1921-ல், சுபாஷ் சந்திர போஸும் ஐ.சி.எஸ்.-ஐத் துறந்தார். அது அரசியல் முடிவு. ஜெய்பாலுடையது விளையாட்டில் தொடங்கிய முடிவு. ரெண்டுக்கும் பின்னால் சுயமரியாதை இருந்தது.

அதன் பிறகு வேலை வேலையாக மாறியது வாழ்க்கை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கொஞ்ச காலம். பிறகு ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர். அடுத்து ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி. பிறகு பிகானேர் சமஸ்தானத்தில் நிர்வாகப் பொறுப்பு. காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாராவை மணந்ததும் இந்தக் காலத்தில்தான்.

வெளியில் இருந்து பார்த்தால் எங்கேயும் நிலைக்காத ஆள் மாதிரி தெரியும். ஆனால் படித்த படிப்பு ஒவ்வொரு இடத்திலும் அவரைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. பட்டம் இல்லாமல் வெறும் ஹாக்கியை மட்டும் நம்பி ஐ.சி.எஸ்.-ஐ விட்டிருந்தால், இந்தக் கதவுகளில் ஒன்று கூட திறந்திருக்காது.

மைதானத்தில் இருந்து அரசியலமைப்பு அவைக்கு

ராஞ்சிக்குத் திரும்பிய அவர், சொந்த மக்களின் நிலையைப் பார்த்தார். நிலம் பறிபோகிறது. காட்டு உரிமை போகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை. 1939 ஜனவரியில் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். மக்கள் அவரை மராங் கோம்கே என்று அழைத்தார்கள். பெரிய தலைவர் என்று பொருள்.

1946-ல் அரசியலமைப்பு அவை கூடியபோது பிகாரில் இருந்து உறுப்பினரானார். டிசம்பர் 19 அன்று அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. தன்னைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை என்ற தொனியில் தொடங்கி, ஜனநாயகத்தைப் பழங்குடிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடம் இருந்துதான் கற்க வேண்டும் என்று வாதிட்டார். அவையில் பழங்குடிப் பெண்களுக்கு இடமே இல்லையே என்றும் கேட்டார்.

மதுவிலக்கு பற்றிய விவாதத்திலும் அவருடைய நிலைப்பாடு வித்தியாசமானது. அரிசியில் காய்ச்சும் பானம் பழங்குடிகளின் வழிபாட்டோடும் வயல் வேலையோடும் கலந்தது என்றார். சேற்றில் இறங்கி நாற்று நடும் சாந்தால் மக்களின் உழைப்பை உதாரணம் காட்டினார். நடவு வயலைத் தெரிந்தவரின் வாதம் அது.

ஆக்ஸ்போர்டு விவாத மன்றத்தில் கற்ற பேச்சும், ஃபுல் பேக் இடத்தில் கற்ற நிதானமும் அங்கே கைகொடுத்தன.

விமர்சனமும் உண்டு

சுதந்திரத்துக்குப் பிறகு அவர் தலைமையில் உருவான ஜார்க்கண்ட் கட்சி, 1952 தேர்தலுக்குப் பின் பிகார் சட்டமன்றத்தில் முக்கிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கையை ஐம்பதுகளில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. 1963-ல் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்தார். தொண்டர்கள் பலர் இதைத் துரோகமாகவே பார்த்தார்கள். அந்தக் கசப்பு அவருடைய கடைசி வருஷங்களில் தொடர்ந்தது.

மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே, 1970 மார்ச் 20-ல் டெல்லியில் இறந்தார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-ல். அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து.

ராஞ்சியில் அவர் பெயரில் மைதானம் இருக்கிறது. அதே ஜார்க்கண்ட் கிராமங்களில் இருந்து இன்றும் இந்திய அணிகளுக்கு ஹாக்கி வீரர்களும் வீராங்கனைகளும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இன்றைய மாணவருக்கு இதில் என்ன இருக்கிறது?

அவருடைய காலத்தில் ஓ.டி. என்ற ஏற்பாடு இல்லை. விளையாட்டு இட ஒதுக்கீடு இல்லை. இன்று தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும் நாளை வருகையாகக் கணக்கிடும் வழக்கமும் இருக்கிறது.

ஆனால் விதி இருப்பது வேறு, அது மாணவர் கைக்கு வருவது வேறு. போட்டித் தேதி தெரிந்த அன்றே உடற்கல்வி இயக்குநரிடம் கடிதம் வாங்கி, துறைத் தலைவரிடம் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு அந்த விதி பயன்படுகிறது. போட்டி முடிந்து வந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் கை விரிப்புதான். விட்டுப்போன இன்டர்னல் தேர்வை எப்போது எழுதலாம் என்பதையும் போகும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அப்பா அம்மாவிடம் சொல்வதற்கும் இது உதவும். படிப்பு கெடாதா என்று அவர்கள் கேட்கும்போது, பதில் கையில் எழுத்தில் இருக்கும்.

கல்லூரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஜெய்பால் சிங்கின் வாழ்க்கையில் ரெண்டு விதமான இடங்கள் வந்தன. ராஞ்சியின் சின்னப் பள்ளியில் ஒரு முதல்வர் அவரைக் கவனித்தார். ஆக்ஸ்போர்டு அவருக்காகத் தனியாக எதையும் வளைக்கவில்லை. எல்லோருக்குமான அட்டவணையிலேயே ஆட்டத்துக்கு இடம் வைத்திருந்தது. அந்த ரெண்டு இடத்திலும் அவர் படிப்பிலும் ஜெயித்தார், ஆட்டத்திலும் ஜெயித்தார். லண்டன் அலுவலகம் மட்டும் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றது. அங்கே அவரும் தோற்றார், அந்த அலுவலகமும் ஒரு நல்ல அதிகாரியை இழந்தது.

மாணவர் ஒழுங்காக இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வது எளிது. ஒலிம்பிக் கேப்டனாக இருந்தும், ஆக்ஸ்போர்டு பட்டம் இருந்தும், சில வார லீவு கிடைக்காததால் ஒருவரின் வாழ்க்கைப் பாதையே மாறிப்போனது. திருத்துறைப்பூண்டியில் ஒரு மாணவி நாளைக்கு ஓ.டி. கடிதத்தோடு துறை அலுவலக வாசலில் நிற்கலாம். அதில் கையெழுத்துப் போட ஆகும் நேரம் அரை நிமிஷம்தான்.